மரவேலிக்கு எந்த ஆணி, எங்கே ஸ்க்ரூ, எதற்கு போல்ட்?

கொல்லைப்புறத்தில் மரவேலி போடுகிறவர்கள் மரத்தைப் பற்றி நிறைய யோசிப்பார்கள். என்ன மரம், எவ்வளவு உயரம், பலகைக்குப் பலகை இடைவெளி விடலாமா, பெயின்ட் அடிப்பதா எண்ணெய் பூசுவதா என்று பேச்சு நாள்கணக்கில் ஓடும். ஆணி விஷயம் மட்டும் கடைசி நாளில், கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுத்ததோடு முடிந்துவிடும். கம்பத்தின் அடி இற்றுப்போவதைத் தவிர்த்துப் பார்த்தால், பழைய வேலிகளில் கண்ணில் படும் கோளாறுகள் பெரும்பாலும் ஆணியில்தான் தொடங்குகின்றன. ஆணித் தலைக்குக் கீழே கறுப்பாக ஒழுகிய கறை, வெளியே எட்டிப் பார்க்கும் தலை, ஓரத்தில் பிளந்த பலகை, தரையைத் தேய்த்துக்கொண்டு திறக்கும் கதவு. இந்த நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஒரே பெட்டி ஆணியை வாங்கி வேலி முழுக்க அடித்தால் நான்கும் ஒரே வேலியில் வந்து சேரும்.

வேலியில் உள்ள இணைப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம். செங்குத்துப் பலகையைக் குறுக்குச் சட்டத்தோடு பிடிப்பது, குறுக்குச் சட்டத்தைக் கம்பத்தோடு பிடிப்பது, அப்புறம் கதவின் கீல். எந்த இணைப்பின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி இல்லாத வேலியின் மேல் அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 14 செ.மீ. அகலம், 1.8 மீட்டர் உயரம் உள்ள ஒரு பலகையின் பரப்பு கால் சதுர மீட்டர். அதன் மேல் விழுவது 16 கிலோ சொச்சம். மூன்று குறுக்குச் சட்டத்திலும் இரண்டிரண்டு ஆணி அடித்திருந்தால், ஓர் ஆணியின் பங்கு 3 கிலோ கூட இல்லை. அதுவும் காற்று பின்னாலிருந்து வந்து பலகையைச் சட்டத்திலிருந்து பிரிக்கப் பார்த்தால்தான். முன்னாலிருந்து வந்தால் பலகை சட்டத்தின் மேலேயே சாய்ந்துகொள்ளும், ஆணிக்கு வேலையே இல்லை. 3 மி.மீ. தடிமனுள்ள சாதாரண ஆணி காய்ந்த மரத்துக்குள் 30 மி.மீ. இறங்கியிருந்தால், அதைப் பிடுங்க இதைப் போலப் பல மடங்கு இழுக்க வேண்டும்.

இனி கம்பத்துக்கு வருவோம். கம்பத்துக்குக் கம்பம் 2.4 மீட்டர் என்றால் ஒரு கண்ணியின், அதாவது இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள வேலித் துண்டின், பரப்பு 4.3 சதுர மீட்டர். அதே காற்றில் 280 கிலோ. அத்தனையும் மூன்று சட்டங்களின் ஆறு முனைகள் வழியாகத்தான் கம்பத்துக்குப் போக வேண்டும். சராசரியாக ஒரு முனைக்கு 47 கிலோ. பலகை ஆணியின் பாரத்தைவிட இது பதினைந்து மடங்குக்கும் மேல். எண்ணிக்கையிலோ நேர் எதிர்: ஒரு கண்ணிக்கு 17 பலகை, நூறு ஆணி, முனைகள் வெறும் ஆறு. ஆகவே பணத்தையும் யோசனையையும் ஒரே சீராகப் பரப்ப வேண்டிய அவசியம் இல்லை. பலகை ஆணிக்கு முக்கியம் அது துருப்பிடிக்காமலும் வெளியே வராமலும் இருப்பது. வலிமை தேவைப்படும் இடம் கம்பத்தோடு சேரும் முனையும் கதவும்.

பலகை ஆணி ஏன் தானாக வெளியே வருகிறது?

காற்று இழுப்பது இவ்வளவு குறைவு என்றால் ஆணித் தலைகள் ஏன் கிளம்பி நிற்கின்றன? மரம் அசைவதால்தான். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, ஆட்டமெல்லாம் அகலவாக்கில். பச்சை மரம் முழுக்கக் காய்வதற்குள், ஆண்டு வளையங்கள் ஓடும் திசையில் பல மரங்கள் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறக்குறைய பாதி. 14 செ.மீ. பலகை ஈரத்தோடு வந்து வெளிக்காற்றில் காய்ந்து நிற்கும்போது 5, 6 மி.மீ. குறைந்திருப்பது சாதாரணம். இரண்டு திசையிலும் சுருக்கம் சமமாக இல்லாததால் பலகை ஓடு மாதிரி குவியவும் பார்க்கும். குவியும்போது ஓர ஆணியை அது நெம்பும்.

மழை பெய்தால் திரும்பவும் ஊதும். ஊதும்போது மரத்தின் நார்கள் ஆணியை மயிரிழை அளவு வெளியே தள்ளும். காய்ந்து சுருங்கும்போது ஆணி பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. பருவத்துக்குப் பருவம் இது சேர்ந்துகொண்டே வந்து, சில வருடங்களில் தலை விரல்நகம் நுழையும் அளவுக்கு எழும்பிவிடும். பச்சை மரத்தில் அடித்த வழுவழு ஆணிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. மரம் காயக் காய, ஆணியைச் சுற்றியிருக்கும் பிடியே தளர்ந்துபோகும்.

இதற்குத்தான் தண்டில் வளையம் வளையமாக வரி வெட்டிய ஆணி இருக்கிறது. கடையில் ரிங் ஷேங்க் என்று கேட்டால் கிடைக்கும். அடிக்கும்போது நார்கள் ஒதுங்கி, பிறகு அந்த வரிகளுக்குள் சாய்ந்து பூட்டிக்கொள்கின்றன. அதே தடிமனுள்ள வழுவழு ஆணியைவிடப் பிடி ஏறக்குறைய இரட்டிப்பு. அதைவிட முக்கியம், மரம் நனைந்து காய்ந்தாலும் அந்தப் பிடி பெரிதாகக் குறைவதில்லை. வேலிப் பலகைக்கு எதை வாங்கலாம் என்று ஒரே வரியில் கேட்டால் என் பதில் இதுதான்: வரி போட்ட ஆணி, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. துத்தநாகக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு போதும். பிடிக்கப்படும் பலகையின் தடிமனைப் போல மூன்று மடங்கு நீளம். பலகை 16 மி.மீ. என்றால் ஆணி 50 மி.மீ. அளவுக்கு வரும். பின்னால் உள்ள சட்டம் 38 மி.மீ. என்றால் இரண்டும் சேர்ந்து 54. ஆணியின் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்காமல் உள்ளேயே நின்றுவிடும். இதைவிட நீளமானதை அடித்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மடக்கி விடுகிறவர்கள் உண்டு. பிடி என்னவோ பலம்தான், ஆனால் அந்த முனை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வேலிக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடுகிற இடமாகவும் இருக்கலாம்.

பிளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஓரத்திலிருந்து 20 முதல் 25 மி.மீ. உள்ளே தள்ளி அடிப்பது நல்லது. பலகையின் நுனிக்கு அருகே அடிக்க வேண்டியிருந்தால் ஆணியைத் தலைகீழாகக் கல்லின் மேல் வைத்து, முனையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி மழுக்கிவிட வேண்டும். கூரான முனை ஆப்பு போல நார்களை இரண்டு பக்கமும் விலக்கிப் பிளக்கும். மழுங்கிய முனை வழியில் உள்ள நார்களை நசுக்கி அறுத்துக்கொண்டு போகும். தச்சர்கள் போகிறபோக்கில் செய்துவிடுகிற காரியம் இது. ட்ரில் பிட் தேடவேண்டிய வேலை மிச்சம். கடினமான மரத்தில் மட்டும் இது போதாது, ஆணித் தண்டின் தடிமனில் முக்கால் அளவுக்கு முன்கூட்டியே துளை போட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் ஸ்க்ரூ இன்னும் நல்லதில்லையா? பலகைக்கு ஸ்க்ரூ தேவையில்லை என்பது என் கட்சி, ஆனாலும் போடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பலகை கெட்டால் கழற்றி மாற்றுவது சுலபம். ஆணியைப் பிடுங்கினால் பலகையும் சேதமாகும். ஆனால் மெல்லிய ஆணி, பலகை சுருங்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஸ்க்ரூ கொடுக்காது. இரண்டு ஓரத்தையும் ஸ்க்ரூ இறுக்கிப் பிடித்திருக்க, நடுவில் மரம் சுருங்க இடமில்லாமல் பிளக்கும். ஸ்க்ரூதான் வேண்டும் என்றால், பலகையில் போடும் துளையை ஸ்க்ரூவின் தண்டைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டுவிடுங்கள். மரை கடிக்க வேண்டியது பின்னால் உள்ள சட்டத்தில் மட்டும். முன்பலகையிலும் மரை கடித்தால் இரண்டுக்கும் நடுவே சந்து விழும், எவ்வளவு முறுக்கினாலும் மூடாது.

எக்காரணம் கொண்டும் போடக் கூடாத ஒன்று, ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூ. விலை மலிவு, எல்லா வீட்டிலும் அரைப் பெட்டி மிச்சம் இருக்கும், அதனால் கை தானாக அங்கே போகும். அதன் எஃகு கடினப்படுத்தியது, வளையாது, ஒடியும். மேலே உள்ள கறுப்புப் பூச்சு வீட்டுக்குள் இருக்கும் சுவருக்கானது. மழை ஈரத்தை அது தாங்காது. சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, பக்கவாட்டில் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். சாதாரண ஆணி வளைந்து படுக்கும். இது பட்டென்று முறியும்.

துரு, கறை, துத்தநாகம்

ஆணியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் தடிமன் இல்லை, மேல்பூச்சு. துருப்பிடித்த ஆணி தான் மட்டும் கெடுவதில்லை. அதிலிருந்து கசியும் இரும்பு, சுற்றியிருக்கும் மரநாரையும் சிதைக்கிறது. பழைய வேலியில் ஆணியைப் பிடுங்கினால் துளையைச் சுற்றிக் கறுத்து, மெத்தென்று பொடியாக உதிருகிற மரம் வருமே, அது இந்த வேலைதான். ஆணி இன்னும் பாதி மிச்சம் இருக்கும்போதே பிடி போய்விடும்.

கறுப்புக் கறை இதற்கு முன்பே வந்துவிடும். ஓக், செடார், ரெட்வுட் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். அது ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பைப் போட்டு மை காய்ச்சுவது போலத்தான். அந்த மையை வேலியே தயாரித்துத் தன் மேலேயே ஊற்றிக்கொள்கிறது. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த நீரால் கறையை வெளுக்க வைக்கலாம், ஆனால் ஆணியை மாற்றாவிட்டால் அடுத்த மழையில் திரும்ப வந்து நிற்கும். இப்படிப்பட்ட மரத்தை எண்ணெய் மட்டும் பூசி, அதன் நிறம் தெரியும்படி விடப்போகிறீர்கள் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணிதான் சரி. பெயின்ட் அடித்து மூடப்போகிற வேலிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

பூச்சியும் பூஞ்சையும் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம் வேறு சங்கதி. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த சி.சி.ஏ. மருந்தை 1933-இல் கண்டுபிடித்தவர் சோன்டி காமேசன் என்ற இந்தியர். உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் வேலியும் மின்கம்பமும் அதை நம்பித்தான் நின்றன. ஆர்சனிக் பற்றிய கவலையால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு அதைப் போடுவது நின்றது. அதற்குப் பதிலாக வந்த ஏ.சி.க்யூ., காப்பர் அசோல் போன்ற மருந்துகளில் ஆர்சனிக் இல்லை, குரோமியமும் இல்லை. செம்பு முன்பைவிட அதிகம். மரத்துக்கு நல்லது, ஆணிக்குக் கெடுதல். ஈரமான மரத்தில் உள்ள செம்பு, பக்கத்தில் இருக்கும் துத்தநாகத்தையும் இரும்பையும் மின்வேதி முறையில் அரிக்கும். முன்பு அந்த அரிப்பைக் குரோமியம் ஓரளவு அடக்கி வைத்திருந்தது. சி.சி.ஏ. காலத்து மரத்தில் தாங்கிய ஆணி புதிய மரத்தில் சீக்கிரம் போவதன் காரணம் இதுதான். அலுமினிய ஆணியை இந்த மரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

சரி, துத்தநாகம். கடையில் ‘கால்வனைஸ்டு’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சரக்கு விற்கிறது. மின்முலாம் பூசியதில் துத்தநாகத்தின் தடிமன் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததில் 45 மைக்ரானும் அதற்கு மேலும் இருக்கும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிற உலோகம்; ஆகவே எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆயுள். மிதமான காற்றில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மைக்ரான் கரையும். உப்புக்காற்று பலமாக அடிக்கும் இடத்தில் 4 முதல் 8 வரை போகும். கணக்கு நேரடியானது. கடலோரத்தில் மின்முலாம் ஓரிரு வருடத்தில் தீரும். சாதாரண இடத்தில் முக்கியெடுத்த ஆணி இருபது, முப்பது வருடம் நிற்கும். மரத்துக்குள் புதைந்த பகுதிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே மரத்தின் ஈரமும் மருந்தும் சேர்ந்து தீர்மானிக்கும். ஆனாலும் பத்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயும் வித்தியாசம்தான்.

கையில் எடுத்தாலே அடையாளம் தெரியும். முலாம் பூசியது பளபளவென்று மின்னும், சில சமயம் மஞ்சள் சாயலடிக்கும், விரலுக்கு வழுவழுப்பு. முக்கியெடுத்தது மங்கிய சாம்பல் நிறம், சொரசொரப்பு, அங்கங்கே துத்தநாகம் கட்டி தட்டியிருக்கும். அழகானதை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். பெட்டியில் ஏ.எஸ்.டி.எம். ஏ153 என்ற தர எண் போட்டிருந்தால் முக்கியெடுத்தது என்று நம்பலாம். ஆணி அடிக்கும் துப்பாக்கியில் போடுகிற ஆணிகளில் மின்முலாம்தான் அதிகம் புழங்குகிறது, பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்க வேண்டும். துப்பாக்கியின் அழுத்தத்தையும் குறைத்து வையுங்கள். தலை பலகையின் மேல்மட்டத்தோடு நிற்க வேண்டும். உள்ளே இறங்கிவிட்டால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும், மெல்லிய பலகையில் பிடியும் போகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 என்ற இரண்டு எண்களைத் தெரிந்துகொண்டால் போதும். 316-இல் 2, 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு, உப்பைத் தாங்குவது அதனால். கடலோர வேலிக்கும் நீச்சல்குளத்தை ஒட்டிய வேலிக்கும் அதுதான். மற்ற இடங்களில் 304 தாராளம். இந்த எஃகு கொஞ்சம் மென்மையானது. கடின மரத்தில் துளை போடாமல் முறுக்கினால் ஸ்க்ரூவின் தலை தனியாகக் கையோடு வந்துவிடும். மரையில் மெழுகு தடவி முறுக்கினால் சுலபமாக இறங்கும். இன்னொன்று, உலோகங்களைக் கலக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய தகட்டுக்குத் துத்தநாகம் பூசிய ஆணி, ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஆணி. பெரிய ஸ்டெயின்லெஸ் கீலைச் துத்தநாகம் பூசிய சின்ன ஸ்க்ரூவால் பிடித்தால் ஈரத்தில் பலியாவது அந்தச் சின்ன ஸ்க்ரூதான்.

கம்பத்தோடு சேரும் முனை

குறுக்குச் சட்டத்தைக் கம்பங்களுக்கு நடுவே பொருத்தி, பக்கத்திலிருந்து சாய்வாக இரண்டு ஆணி அடித்து முடிப்பது வேகமான வேலை. அதே சமயம் பலவீனமான வழியும் அதுதான். சாய்வு ஆணி சட்டத்தின் நுனிக்கு மிக அருகே போவதால் நுனி பிளக்கும். கம்பத்தின் மறுபக்கத்திலிருந்து நேராகச் சட்டத்தின் வெட்டுமுகத்துக்குள் அடிப்பதும் தீர்வு இல்லை. நார் ஓடும் திசையிலேயே இறங்கிய ஆணிக்குப் பிடி குறைவு. இழுவையைத் தாங்கும் என்று அதை நம்பக் கூடாது.

நல்ல வழி, பாரத்தை மரத்தின் மேலேயே ஏற்றிவிடுவது. கம்பத்தில் சட்டம் உட்கார ஒரு வெட்டு வெட்டி, அதில் பதித்துவிட்டால் எடை முழுக்க மரத்தின் மேல் நிற்கும். ஸ்க்ரூவோ போல்ட்டோ சட்டத்தை விலகாமல் பிடித்துக்கொண்டால் போதும். கம்பத்தின் முகத்தின் மேலேயே சட்டத்தை ஓட்டுவதானால் 6 முதல் 8 மி.மீ. தடிமனுள்ள, கட்டுமானத்துக்கென்றே செய்த ஸ்க்ரூ ஒரு முனைக்கு இரண்டு. இரண்டையும் ஒரே நார்க்கோட்டில் போடாமல் சற்று ஏற இறங்கப் போட்டால் பிளவு ஓடாது. உலோகத் தாங்கிகள் வாங்கினால் ஜி90, ஜி185 என்று குறித்திருக்கும். தகட்டின் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர அடிக்கு 0.90 அவுன்ஸ், 1.85 அவுன்ஸ் துத்தநாகம் என்று பொருள். மருந்தேற்றிய மரத்துக்குப் பெரிய எண்ணுள்ளது.

கடைசியாகக் கதவு. 25 கிலோ எடை, 1.2 மீட்டர் அகலம், இரண்டு கீல்களுக்கும் நடுவே 90 செ.மீ. இந்தக் கதவு சும்மா நிற்கும்போதே மேல்கீலைக் கிட்டத்தட்ட 17 கிலோ விசையோடு பக்கவாட்டில் இழுக்கிறது. 30 கிலோ எடையுள்ள பிள்ளை ஒருவன் கதவின் வெளிநுனியில் தொங்கி ஆடினால் இன்னும் 40 கிலோ சேரும். (ஆடக் கூடாது என்று சொல்லிப் பயனில்லை, ஆடுவான்.) கீல்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் இந்த இழுவை அதே விகிதத்தில் குறையும், 1.35 மீட்டர் ஆக்கினால் 17 கிலோ 11 ஆகிவிடும்.

கீல் எந்த முகத்தில் உட்காருகிறது என்பதும் முக்கியம். வீட்டுக்கதவு போலக் கம்பத்துக்கும் கதவுக்கும் இடையே மடங்கி உட்காரும் கீலில், மேல்கீலின் ஸ்க்ரூக்களை இந்த விசை நேராக வெளியே பிடுங்கப் பார்க்கும். கதவின் முகத்தில் படுத்திருக்கும் நீளமான பட்டைக்கீலில் அதே விசை ஸ்க்ரூவின் குறுக்கே விழும். அதைத் தாங்குவது ஸ்க்ரூவுக்குச் சுலபம். வேலிக்கதவில் பட்டைக்கீலே எங்கும் காணப்படுவது அலங்காரத்துக்காக இல்லை.

பட்டைக்கீலையும் ஸ்க்ரூவோடு விட்டுவிடாமல், கம்பத்தை ஊடுருவிப் போகும் போல்ட் கீலுக்கு ஒன்றாவது போடுவது நல்லது. 10 மி.மீ. போதும். உருண்டைத் தலையும் அதன் கீழே சதுரக் கழுத்தும் உள்ள வகையாக இருந்தால் தலைப்பக்கத்திலிருந்து யாரும் கழற்ற முடியாது. தலை தெருப்பக்கம், நட் வீட்டுப்பக்கம். நட்டுக்குக் கீழே அகலமான வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் இறுக்க இறுக்க நட் மரத்துக்குள் புதையும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முடுக்கினால் மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு துளி கிரீஸ் தடவினால் போதும். நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டை வெட்டினால் வெட்டுவாயில் துத்தநாகம் இருக்காது, துத்தநாகப் பெயின்ட் ஒரு பூச்சு பூசுங்கள். ஈரமரத்தில் பூட்டியிருந்தால் முதல் வெயில்காலம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். மரம் சுருங்கிய அளவுக்கு அவை தளர்ந்திருக்கும்.